நலம் விசாரித்த பாவம்

அவளை எல்லோரும் ‘விசாரணை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். போலீஸ் விசாரணை இல்லை, நலம் விசாரணை. பெண்களுக்கான அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவள் உதவியாளர். படுக்கை விரிப்பாள், தரை துடைப்பாள், மயக்கம் தெளிந்து எழுகிறவளுக்குத் தண்ணீர் புகட்டுவாள். இதற்கெல்லாம் சம்பளம் உண்டு. சம்பளம் இல்லாமல் அவள் செய்கிற வேலை, விசாரிப்பது. பேருந்திலோ கடையிலோ யாரைப் பார்த்தாலும், “தையல் பிரிச்சாச்சா? பால் கட்டிக்கிச்சுன்னியே, சரியாயிடுச்சா?” என்று ஆரம்பித்துவிடுவாள். ஒரு தடவை பார்த்த முகத்தை மறக்கமாட்டாள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. வேறு எதை வைத்துப் பெருமைப்படுவாள் பாவம்? புருஷன் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. மகன் கல்யாணமானதும் மாமியார் வீட்டுப் பக்கமே குடியேறிவிட்டான்.

ஆஸ்பத்திரியின் பக்கவாட்டுச் சந்தில் ஒரு கதவு உண்டு. புதிதாகப் பார்க்கிறவர்கள் அதைச் சாமான் அறை என்று நினைப்பார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு பெஞ்சு, கழுவுகிற இடம். கருவைக் கலைக்க வருகிறவர்கள் முன்கூடத்தில் நாலு பேர் பார்க்க உட்கார வேண்டாம் என்று அந்த அறையை ஒழித்துக் கொடுக்கச் சொன்னதே அக்காதான். அங்கே வந்து உட்காருகிறவர்களை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொடுவாள். அவ்வளவு பதமாக நடந்துகொள்வாள். டாக்டரம்மாவே புது நர்ஸ்களிடம், “அக்காவைப் பார்த்துக் கத்துக்குங்க” என்று சொன்னதுண்டு.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்வார். “இந்த வாசலைத் தாண்டினா நமக்கு யாரையும் தெரியாது. அவங்களா வந்து பேசினா பேசலாம். நாமளா பேசக்கூடாது.” அக்கா தலையை ஆட்டிக்கொள்வாள். ஆனால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுதவளை நாளைக்குத் தெருவில் பார்த்துவிட்டு, கல்லு மாதிரி போவது என்ன பழக்கம்? படித்தவர்களுக்கு அது சரியாக இருக்கலாம், மனுஷிக்குச் சரியில்லை. இதுதான் அவள் கட்சி.

அப்படி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களில் ஒருத்தி, பேக்கரியில் நிற்கும் பெண். இரண்டு பிள்ளைகள், இளையது இன்னும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. கணவன் வேறு ஊரில் வேலை. வீட்டில் அவன் கூடப்பிறந்த அக்கா வைத்ததுதான் சட்டம். இன்னொரு பிள்ளை வந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள், இங்கே வந்தது தெரிந்தாலும் நிறுத்திவிடுவார்கள் என்று அவள் டாக்டரம்மாவிடம் சொன்னாள். “நான் வெளிய வந்து நாலு மனுஷங்களப் பாக்கறது அந்தக் கடையிலதான் டாக்டர். அதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்.” வலி பிடித்த நேரமெல்லாம் அக்கா அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். செருப்புக் கடையில் கூட்டம் நெரிந்தது. அறுந்த செருப்பை மாற்றிக்கொள்ளப் போன அக்கா, பெஞ்சில் மூத்தவனுக்கு ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பேக்கரிப் பெண்ணைக் கண்டாள். இடுப்பில் இளையது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“என்னம்மா நீ, புள்ளையத் தூக்கிட்டு நிக்கிற? பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா அவ்வளவு சொன்னாங்களே! வயித்துவலி விட்டுடுச்சா? ரத்தப்போக்கு நின்னுடுச்சா?”

பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் ஷூவின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய மனுஷி பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். நாத்தனார்.

“யாருங்க நீங்க?” என்றாள் பேக்கரிப் பெண். “வேற யாரோன்னு நினைச்சுட்டீங்க போல.”

தப்பித்துக்கொள்ள அவளே ஒரு வழி போட்டுக் கொடுத்தாள். ‘ஆமாம்மா, மன்னிச்சுக்கோ’ என்று அக்கா நகர்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நாத்தனார் நின்றதை அக்கா பார்க்கவும் செய்தாள். ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது. முகம் மறக்காதவளைப் பார்த்து ஆள் மாறிப்போச்சு என்பதா?

“என்னைத் தெரியலையா? அன்னைக்கு முழுக்க உன் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேனே, அதுக்குள்ள மறந்துட்டியா?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது.

“எந்த ஆஸ்பத்திரி?” என்றாள் நாத்தனார், மெதுவாக.

“பல்லு... பல்லு ஆஸ்பத்திரிங்க,” என்று உளறினாள் அக்கா.

“பல்லுக்கா வயித்துவலி?”

அக்கா செருப்பு வாங்காமலே வெளியே வந்துவிட்டாள். அறுந்ததை இழுத்து இழுத்து நடந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன் வாயால் தான் கெட்டது. இவள் வாயால் கெட்டது ஊரான் வீட்டுப் பெண்.

புருஷனிடம் சொன்னாள். “நல்லதுதானே கேட்ட? இதுல என்ன தப்பு?” என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அந்த ஆறுதல் அவளுக்கு ஒட்டவில்லை. மறுநாள் டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னாள். ஆனால் பாதிதான் சொன்னாள். கடையில் பார்த்ததை, உடம்பு எப்படி என்று வாய் தவறிக் கேட்டதைச் சொன்னாள். அந்தப் பெண் ‘யாருங்க நீங்க’ என்றதையும், அதற்குத் தான் சொன்ன பதிலையும் விழுங்கிவிட்டாள். வாய் தவறியது ஒன்று, வீம்புக்குச் சொன்னது ஒன்று. முதலாவதற்கு மன்னிப்புக் கேட்க நாக்கு வந்தது. இரண்டாவதை எண்ணினாலே உடம்பு கூசியது.

“அவங்க வீட்டுல யாராவது வந்து கேட்டா, வந்தாங்கன்னும் சொல்லக்கூடாது, வரலைன்னும் சொல்லக்கூடாது,” என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வந்தாள். நாத்தனாரேதான் வந்தாள், ஒரு மத்தியானம், கூடம் காலியாக இருந்தபோது.

“உங்ககிட்ட தனியாப் பேசணும்,” என்றவள், அக்கா பதில் சொல்லும் முன்பே சந்துப் பக்கம் திரும்பி, அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அக்கா ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கதவைப் புதிதாக வருகிறவர்களுக்கு யாராவது காட்டித்தான் ஆகவேண்டும். இவளுக்கு யாரும் காட்டவில்லை. பின்னாலேயே போய் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். கன்னம் உப்பியிருக்கிறது, முன்முடி நரைத்திருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் வருஷங்களுக்கு முன்னால் இதே பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுத ஒல்லிப் பெண். கூட யாருமே வராமல் வந்தவள். கடையில் அக்காவின் கண்ணெல்லாம் பேக்கரிப் பெண்மேல் இருந்ததால் இவளைக் கவனிக்கவில்லை.

“என் தம்பி பொண்டாட்டி இங்க எதுக்கு வந்தா?” என்று கேட்டாள் நாத்தனார்.

“யார் வந்தாங்க, வரலைன்னு நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லைங்க.”

“அன்னைக்கு நடுக்கடையில சொன்னீங்களே? முழுநாளும் கையைப் பிடிச்சுட்டு இருந்தேன்னு! அவ தெரியாதுன்னு சொல்லியும் விடாம சொன்னீங்களே!”

கதவருகே டாக்டரம்மா நின்றிருந்தார். அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அக்காவுக்கு மண் பிளந்து விழுங்கினால் போதும் என்றிருந்தது. டாக்டரம்மா நாத்தனாரிடம் நிதானமாகச் சொன்னார். “எங்ககிட்ட வந்தவங்க, வராதவங்க யாரைப் பத்தியும் சொல்லமாட்டோம்மா. நாளைக்கு உங்களைப் பத்தி யாராவது வந்து கேட்டாலும் இதேதான்.” சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

நாத்தனார் எழுந்தாள். எழுந்தவள் போகவில்லை. குரல் இறங்கிவிட்டது.

“ஒரு தடவை பார்த்த முகத்தை மறக்கமாட்டீங்கன்னு சொல்றாங்க. நிஜமா?”

அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. இவள் தம்பி மனைவிக்காக மட்டும் வரவில்லை. நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. ‘நீங்க இப்ப உக்காந்திருந்த பெஞ்சு உங்களுக்குப் புதுசா என்ன?’ இது ஒன்று போதும். இவள் வாய் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அந்தப் பெண்ணை ஒரு சொல் சொல்லமாட்டாள். கெடுத்த வாயாலேயே சரிக்கட்டிவிடலாம். அதைவிட வேறு என்ன பிராயச்சித்தம் வேண்டும்?

நாத்தனார் முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டு காத்திருந்தாள். சட்டம் போடுகிற வீட்டுப் பெரிய மனுஷி, பயந்த சிறுபிள்ளை மாதிரி நின்றாள்.

“அதெல்லாம் சும்மா கிளப்பிவிடறதுங்க,” என்றாள் அக்கா. “எனக்கு இப்ப நேத்துப் பார்த்தவங்களே ஞாபகம் இருக்கிறதில்ல. உங்களை அந்தச் செருப்புக்கடையிலதான் முதல்ல பார்த்தேன்.”

நாத்தனாரின் தோள் இறங்கியது. மூச்சை விட்டாள். விட்டதும் பழையபடி நிமிர்ந்துகொண்டாள். “சரி. வீட்டு விஷயத்தை நான் வீட்டுல பாத்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். பயம் போனவள் இனி அந்தப் பெண்ணை என்ன செய்வாளோ, அந்தப் பயத்தைப் போக்கி அனுப்பியதும் தான்தானே என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். “தப்பு செஞ்சதைக்கூடப் பொறுத்துக்குவேன் அக்கா. பாதியை மறைச்சீங்களே, அதான் தாங்கல. முழுசாத் தெரிஞ்சிருந்தா அந்தப் பெண்ணை எச்சரிச்சிருப்பேன். இனிமே நீங்க அந்தச் சந்து அறைக்குப் போகவேண்டாம்.” அவள் கேட்டு ஒழித்த அறை அவளுக்கே மூடிப்போனது. துணி துவைக்கிற வேலையும் முன்கூடமும் அவளுக்கு மிச்சம்.

பேக்கரிப் பெண் குறித்த நாளில் மறுபரிசோதனைக்கு வரவில்லை. அக்கா தினமும் வாசலைப் பார்த்தாள். காய்ச்சல் கண்டிருக்குமோ, எங்காவது மயங்கிக் கிடப்பாளோ என்று என்னென்னவோ ஓடியது. பேக்கரிப் பக்கம் போய்ப் பார்க்கலாமா என்று ஒருநாள் தெருமுனை வரை போனாள். நலம் விசாரிக்கப் போன லட்சணம் போதாதா என்று திரும்பி வந்துவிட்டாள்.

அவள் வந்தது பிறகொரு நாள். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, பின்புறம் அக்கா படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குத் தானாக வந்து நின்றாள். அக்கா கையில் ஈரத்துணியோடு உறைந்து போனாள்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லையாம்,” என்றாள் பெண். “கேக்கமாட்டீங்க இனிமே. அதான் நானே சொல்றேன்.”

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “நான் பண்ணினது வாய் தவறினது இல்லம்மா. நீ யாருன்னு கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். எனக்கு மன்னிப்பே கிடையாது.”

“தெரியும். ‘யாருங்க நீங்க’ன்னு கேட்டப்பவே போயிருக்கலாமேக்கா. எத்தனை நாள் ராத்திரி அதையே நினைச்சிருப்பேன்!”

“வேலை?”

“விட்டாச்சு. நாத்தனார் என்னை ஒண்ணும் கேக்கல, சண்டையும் போடல. ‘உடம்பு முடியாதவ எதுக்கு நாள் பூரா கடையில நிக்கணும்’னு தம்பிக்குப் போன்ல சொன்னாங்க. அவரும் சரின்னுட்டாரு. அவருக்கு எவ்வளவு தெரியும்னு எனக்கே தெரியல. அன்பாத்தான் உக்கார வச்சிருக்காங்க. யார்கிட்ட போய்ச் சொல்றது? இன்னைக்குக்கூட புள்ளைக்குத் தடுப்பூசின்னு பொய் சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

துணியிலிருந்து தண்ணீர் அக்காவின் காலில் சொட்டியது.

“அவங்க மேல எனக்குக் கோபம்கூட இல்லக்கா,” என்றாள் பெண். “அவங்களுக்கு என்ன தெரியும்? ஒரே ஒரு தடவை அந்தச் சந்து அறை பெஞ்சில வந்து தனியா உக்காந்திருந்தா, எனக்கு இப்படிச் செஞ்சிருப்பாங்களா? சொல்லுங்க.”

அக்கா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். இவளுக்கு எதையாவது கொடுக்கவேண்டும் என்றால் தன்னிடம் இருப்பது அந்த ரகசியம் ஒன்றுதான். சொன்னால் இவள் நாளைக்கே அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நிற்பாள்.

“செஞ்சிருக்க மாட்டாங்கம்மா,” என்றாள் அக்கா.