மூன்றாம் முறை வந்த ஆம்ப்ளிஃபயர்

போன வாரம் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. திங்கட்கிழமை. ராபர்ட்சன்பேட்டையில் உள்ள என் ரேடியோ ரிப்பேர் கடைக்கு ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வந்தது. கொண்டுவந்தவர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில் ஓட்டுபவர். லீவு நாட்களில் கல்யாண பேண்டில் கிட்டார் வாசிப்பவர். புகார்: உறுமல், கரகரப்பு.

2. புதன்கிழமை. சரிசெய்து கொடுத்தேன்.

3. வியாழன். திரும்பி வந்தது. அதே புகார். ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தேன்.

4. சனிக்கிழமை காலை. மறுபடியும் வந்தது.

நான் பேப்பரில் எழுதும் இந்தப் பத்தியில் தன் பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், செல்வராஜ் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தடவை கோளாறு உண்மையிலேயே இருந்தது. பவர் பகுதியில் இரண்டு கண்டன்சர்கள் காய்ந்து போயிருந்தன. மின்சாரத்தின் உறுமல் அப்படியே ஸ்பீக்கருக்கு வந்துகொண்டிருந்தது. இன்னொரு சின்னக் கண்டன்சர் கசிந்து, கடைசி வால்வுகளில் ஒன்றைத் திணறடித்தது – அதுதான் கரகரப்பு. மூன்றையும் மாற்றிவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். அமைதி! டிப்ளமா படித்தது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு விஷயங்களைக் கவனித்தும் விட்டுவிட்டேன். ஒன்று, உச்சஸ்தாயிச் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் நாப் அவருடைய பெட்டியில் எப்போதும் கடைசி எண்ணில் நிற்கும். இன்னொன்று, நான் பேசும்போது அவர் என் வாயையே பார்ப்பார். பெரிய மனிதர், ஏன் இப்படி என்று எனக்குச் சங்கடமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை அவருக்குக் கோபம்.

"இன்னாம்மா இன்ஜினீயரம்மா, ரெண்டு வாட்டி பார்த்துட்ட. இரைச்சல் அப்படியே கீதே! பேண்டுல கீற பசங்க தகர டப்பான்னு கிண்டல் பண்றானுங்க. இன்னிக்கு சாயந்தரம் ஆண்டர்சன்பேட்டைல ரிசப்ஷன். சரியா வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அண்ணே."

"உனக்கு எப்படிக் கேக்கும்? உனக்கு ரேடியோதான் லாயக்கு."

கோளாறு தேட எங்களிடம் ஒரு முறை உண்டு. ஆம்ப்ளிஃபயரை ஓடவிட்டு, முன்னாலிருந்து ஒவ்வொரு வால்வாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ, அதற்குள்தான் கோளாறு.

பெட்டியின் பின்பக்கம் நான். எதிரே அவர்.

முதல் வால்வைக் கழற்றினேன். "போச்சா?"

"இல்ல."

இரண்டாவது.

"இல்லம்மா."

கடைசி வால்வுகளையும் எடுத்துவிட்டேன். அவை இல்லாத ஆம்ப்ளிஃபயர் வெறும் மரப்பெட்டிதான்.

"இருக்குதும்மா. அப்படியே கீது."

மேஜைக்கு அடியில் கையை விட்டு, ப்ளக்கையே பிடுங்கினேன்.

"இப்பப் போச்சா அண்ணே?"

"எங்க போச்சு? கொய்ய்ங்னு இழுத்துகினே கீதே..."

ப்ளக்கைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"சுரங்கத்துல எறங்க கேஜ்ல ஏறும்போதும் இது கேக்கும்மா. மெஷின் சத்தம்னு நெனச்சேன். வீட்டுல படுத்தாலும் கேக்கும். மில்லு ஓடுதுன்னு நெனச்சுப்பேன்."

இரவும் பகலும் சுரங்கக் கல்லை அரைக்கும் மில் ஓடுகிற ஊரில், காதுக்குள் கேட்பதை யார் சந்தேகப்படுவார்கள்?

டிரில் சத்தத்திலேயே இருந்து இருந்து, உச்சஸ்தாயிச் சத்தங்கள் அவர் காதை விட்டு எப்போதோ போய்விட்டன. அவற்றைப் பிடிக்கத்தான் ட்ரெபிளைக் கடைசிவரை திருப்பியிருக்கிறார். மற்றவர்களுக்கு அது கீச்சென்று கேட்டிருக்கிறது. இதையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"அப்ப... பசங்க சொன்னது நெசமா?"

நான் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். "காட்டினா டிரில்லை விட்டு எடுத்துடுவாங்க. எனக்கு வேற வேலை தெரியாதும்மா" என்றார். கதவு வரை போய்த் திரும்பினார். "பேப்பர்ல எழுதுவியே, இதை எழுது. டிரில் ஓட்டுறவனுங்க படிக்கட்டும். பேரை மட்டும் போடாத."

அன்று சாயந்தரம் ரிசப்ஷனுக்கு நானும் போயிருந்தேன். ஆம்ப்ளிஃபயரை அவரே தூக்கி வந்து மேடையில் வைத்து, ஒயரை மாட்டி, நாபை நடுவில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். கிட்டாரை வாசித்தது வேறொருவர். அண்ணன் மேடை ஓரமாக நின்று, ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்திருந்தார். விரல்கள் தாளம் போட்டன.

நேற்று என் அலமாரியைப் பார்த்தேன். 'சத்தம் பத்தவில்லை' என்று சீட்டு ஒட்டிய ரேடியோக்கள் நான்கு. எல்லாவற்றையும் மறுபடி சோதித்தேன். இரண்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் டிரில் ஓட்டுபவர்கள். இதற்கு முன்னால் இப்படி எத்தனை பேரிடம் 'சரியாகிவிட்டது' என்று சொல்லி அனுப்பினேனோ!

செல்வராஜ் அண்ணன் இந்தத் திங்கட்கிழமை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். ஆம்ப்ளிஃபயரில் எந்தக் கோளாறும் இல்லை.