சேர் விட்ட பிழை

எங்கள் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் கருத்தரங்கு அறையில், பின்வரிசை வாங்குப் பலகையின் மேல் ஒரு பெரிய அலுமினியத் தட்டம் இருக்கும். அதன்மேல் வெள்ளைத் துணி. துணிக்குக் கீழே கன்ரீனிலிருந்து சுடச்சுட வந்த, உருட்டிப் பொரித்த றோல்ஸ். மத்தியானச் சாப்பாட்டை அரைகுறையாக முடித்துவிட்டு வந்த பிள்ளைகளின் மூக்கில் அந்த வாசம் ஏறும். ஆனால் ஒருவரும் கைவைக்கக்கூடாது. விரிவுரை முடிந்தபிறகு மாணவர்களில் யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்கவேண்டும். கேட்டால்தான் துணி விலகும். இது எங்கள் துறைத்தலைவர் வைத்த சட்டம். அவரை நாங்கள் எல்லோரும் ‘சேர்’ என்றுதான் அழைத்தோம். ஓய்வுபெற்றுச் சில வருடங்கள் ஆகியும் எனக்கு அவர் சேர்தான்.

ரியூசன் கொட்டில்களில் வருடக்கணக்காகப் பார்த்தெழுதி வந்த பிள்ளைகளைக் கேள்வி கேட்கவைப்பது லேசுப்பட்ட காரியமா? சேர் கைகட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். றோல்ஸ் ஆறும். ஒருமுறை பசி தாங்காத ஒருவன் எழும்பி, “சேர், றோல்ஸுக்கை முட்டை இருக்கோ?” என்று கேட்டான். அறை வெடித்துச் சிரித்தது. சேர் மட்டும் சிரிக்காமல் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நல்ல கேள்வி. ஓம் அல்லது இல்லை எண்டு திட்டமாச் சொல்லக்கூடிய மறுமொழி இருக்கு. எடுங்கோ” என்று துணியை விலக்கினார். அடுத்த கிழமை அதே பையன் உண்மையான கேள்வி ஒன்று கேட்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கோ இந்தக் கூத்துகள் ஒன்றும் பிடிக்காது. நான் நீர்வேலிக்காரி. கொழும்பில் மேற்படிப்பை முடித்துவிட்டுக் கணிதம் செய்வோம் என்று விரிவுரையாளராக வந்தவள். வந்து பார்த்தால் தோரணம் கட்டவும் பலூன் ஊதவும் ஆள் போதாமல் என்னைத் தேடுகிறார்கள்! சேர் பண்டத்தரிப்புப் பக்கத்து மிஷன் குடும்பத்தவர், சின்ன வயதிலிருந்தே தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். நாலு பேர் கூடினால் அவருக்குக் கொண்டாட்டம் வந்துவிடும். கிறிஸ்மஸ் ஒளிவிழா, பிரியாவிடை, புதுமுக மாணவர் வரவேற்பு என்று வருடம் முழுக்க ஏதாவது நடக்கும். ஆசிரியர்களும் மாணவர்களும் ஆடிய கிரிக்கெட் ஆட்டத்தில், ஓட்ட எண்ணிக்கையைப் பூச்சியமும் ஒன்றும் மட்டும் போட்டு இரண்டின் அடியில் எழுதவேண்டும் என்று அடம்பிடித்தார். கடைசியில் யார் வென்றது என்று கூட்டிப் பார்க்கிறதற்கிடையில் இரண்டு பக்கமும் சண்டைக்கு வந்துவிட்டது. சேர் நடுவில் நின்று சந்தோசமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு விசர் வந்ததுதான் மிச்சம்.

அந்த வருடம்தான் விஞ்ஞான பீடத்தின் தலைவரான பீடாதிபதி எங்கள் துறைக்கு நேரில் வந்தார். நல்ல மனிதர், சுற்றிவளைக்காமல் சொன்னார். கணிதத்தில் சிறப்புப் பட்டம் செய்ய வருகிறவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறார்கள். எல்லோரும் கணினிப் பக்கம் ஓடுகிறார்கள். இந்தமுறை ஐந்து பேராவது சேராவிட்டால் சிறப்புக் கற்கையை நிறுத்திவைக்கவேண்டிவரும். ‘நிறுத்திவைக்கிறது’ என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? ஒருமுறை பூட்டிய கதவை இந்த ஊரில் யார் மறுபடி திறந்திருக்கிறார்கள்? சேரும் அந்தக் கற்கையில் படித்துத்தான் ஆளானவர். பீடாதிபதி போனபிறகு அவர் நெடுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, “முதலாம் வருசப் பிள்ளையளுக்கு ஒரு கணித நாள் வைப்பம். புதையல் வேட்டை” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்ன கதை சேர் கதைக்கிறியள்? தாய் தேப்பன் கணினி படி எண்டு நிக்கினம். வெளிநாட்டிலையிருந்து மாமன் மச்சான் எல்லாம் போன் எடுத்துச் சொல்லினம். ஒரு புதையலைத் தேடிப்போட்டு மனம் மாறுவினமோ?”

“நீர் ஏன் கோவிக்கிறீர்?” என்றார் சேர். “அவையள் கணக்கைப் பயந்து பயந்து படிச்சு வந்தவை. பயந்த சாமானை ஆர் விரும்பி எடுப்பினம்? ஒரு நாளைக்கு விளையாடட்டும்.”

கணித நாள் வந்தது. வெய்யில் என்றால் அப்படியொரு வெய்யில். சும்மா சொல்லக்கூடாது, பிள்ளைகள் நிறையத்தான் வந்திருந்தார்கள், பாதிப்பேர் சாப்பாட்டுக்காக வந்தார்கள் என்றாலும். பீடாதிபதியும் வந்து கருத்தரங்கு அறையின் முன்வரிசையில் இருந்தார். குழுக் குழுவாகப் பிரித்துவிட்டோம். ஒரு புதிரை அவிழ்த்தால் அடுத்த புதிர் கிடைக்கும். கடைசிப் புதிரைச் சேர் வேறு ஒருவரையும் தொடவிடவில்லை, தானே இருந்து செய்தார். துறை வாசலில் தொடங்கி, பீடத்துக்குள் இருக்கிற எல்லாப் பாதைகளிலும் ஒரேயொருமுறை மட்டும் நடக்கவேண்டும். ஒன்றையும் விடக்கூடாது, ஒன்றிலும் இரண்டாம்முறை கால்வைக்கக்கூடாது. நடந்து முடிந்து எங்கே வந்து நிற்கிறீர்களோ அங்கே புதையல். புதையல் என்றால் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளித்துவைத்த ஒரு ரின் தொதல், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கிண்டுகிற இனிப்பு.

அரைமணித்தியாலம் போயிற்று. ஒரு மணித்தியாலமும் போயிற்று. பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து, போன பாதையிலேயே திரும்பி வந்து, ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு திரிந்தார்கள். சில குழுக்கள் மரத்துக்குக் கீழே இருந்துவிட்டன. பீடாதிபதி மணிக்கூட்டைப் பார்த்தார். சேர் பதற்றத்தை மறைக்க மெல்லமாக ஏதோ பாட்டை முணுமுணுத்தார். நான் மனசுக்குள், கோதாரி, இதுக்குத்தானே சொன்னனான் என்று சேரையும் திட்டி என்னையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன. ஒரு குழுப் பையன்கள் தொதல் ரின்னைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கூக்குரலிட்டபடி வந்தார்கள். மற்றக் குழு வெறுங்கையோடு வந்தது. அந்தக் குழுவுக்கு முன்னால் நடந்து வந்த பிள்ளை வல்வெட்டித்துறைக்காரி. அதுவரை வகுப்பில் அவள் வாய்திறந்ததை நான் கண்டதில்லை. நேராகச் சேருக்கு முன்னால் வந்து நின்று, “சேர், உப்பிடி நடக்கேலாது” என்றாள்.

“ஏன் ஏலாது?”

“முயற்சி செய்து களைச்சுப்போய்ச் சொல்லேல்லை சேர். ஆராலையும் ஏலாது. நிறுவிக் காட்டுறம்.”

சேர் வெண்கட்டியை அவளிடம் நீட்டினார். அவள் கரும்பலகையில் பீடத்தின் படத்தைக் கீறினாள். “ஒரு சந்தியைக் கடந்து போறதெண்டால் ஒரு பாதையாலை வரவேணும், இன்னொரு பாதையாலை போகவேணும். அப்ப அங்கை பாதையள் சோடி சோடியா இருக்கவேணும். சோடி சேராமல் ஒரு பாதை மிஞ்சினால், ஒண்டில் அந்தச் சந்தியிலை தொடங்கவேணும், இல்லாட்டி அங்கை முடிக்கவேணும். இஞ்சை அப்பிடி மிஞ்சிற சந்தி நாலு இருக்கு சேர். ஒண்டிலை தொடங்கலாம், ஒண்டிலை முடிக்கலாம். மிச்சம் ரண்டையும் என்ன செய்யிறது?”

கணிதம் படித்தவர்களுக்கு இது பழைய விசயம். ஆனால் அந்தப் பிள்ளைகள் அதை எந்தப் புத்தகத்திலும் கண்டவர்கள் இல்லை. வெய்யிலுக்குள் நடந்து நடந்து தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

“நாலோ?” என்றார் சேர். “ரண்டெல்லோ இருக்கவேணும்!” தன்னுடைய படத்தை எடுத்துப் பார்த்தார். அவளுடைய படத்தைப் பார்த்தார். பிறகு வெளியே இறங்கி நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். கன்ரீனுக்கும் நூலகத்துக்கும் நடுவே ஒரு சீமெந்துப் பாதை. அதற்கு முந்திய விடுமுறையில் புதிதாகப் போட்டது. சேர் ஒவ்வொரு நாளும் அதில் நடந்துதான் றோல்ஸுக்குச் சொல்லப் போவார். ஆனால் புதிருக்குப் படம் கீறும்போது, தான் மாணவனாக இருந்த காலத்துப் பீடத்தை நினைவிலிருந்து கீறியிருக்கிறார். அந்தப் படத்தில் எல்லாம் அச்சொட்டாகப் பொருந்திவிட்டது, அதனால் நிலத்தைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தோன்றவேயில்லை. கணிதக்காரரைத் தவிர வேறு யார் இப்படியொரு பிழை விடுவார்கள்?

அந்தப் பாதையின் நடுவில் நின்று தன்னுடைய சப்பாத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்துவிட்டு, தேவாலயத்தில் பாடுகிற அதே குரலில், கடைசியில் நின்றவனுக்கும் கேட்கச் சொன்னார்: “பிழை என்னிலை! இந்தப் பிள்ளையள் சொன்னது சரி. நான் கேட்டது நடக்கேலாத காரியம். பரிசு இவையளுக்கு!”

தொதல் பையன் விடவில்லை. “சேர், ரின் எங்கடை கையிலை இருக்கு!”

“எப்பிடி எடுத்தனீர்?”

“எல்லா இடமும் தேடினம் சேர்.”

“அதுவும் நல்ல முறைதான் ராசா. ஆனால் கேட்ட கேள்விக்கு மறுமொழி இவையளிட்டை இருக்கு. ரின்னைத் திறவும், எல்லாரும் தின்னுவம்.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் எல்லோரும் போனபிறகு சேர் தன் அறையில் முகம் வாடிப்போய் இருந்தார். “பீடாதிபதிக்கு முன்னாலை இப்பிடிப் போச்சே பிள்ளை” என்றார். “ஒரு புதிரை ஒழுங்காச் செய்யத் தெரியாத துறைக்கு ஏன் ஒரு சிறப்புக் கற்கை எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?” வருடம் முழுக்க அவரைத் திட்டித் திரிந்த எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்க அழுகை வந்தது. அந்த மனிதரில் எனக்கு இவ்வளவு பாசம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

சிறப்புக் கற்கைக்குப் பதிகிற கடைசி நாள். காலையில் தொதல் பையன் வந்து பதிந்தான். அவனுக்குப் பின்னால் மூன்று பேர். நான்கு பேரோடு வரத்து நின்றுவிட்டது. மத்தியானம் தாண்டியும் படியில் ஒரு காலடிச் சத்தம் இல்லை. சேர் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். அப்போதுதான் அந்த வல்வெட்டித்துறைப் பிள்ளை தகப்பனோடு வந்தாள். வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர், வெய்யிலில் கறுத்த முகம், தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டு. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சுற்றாமல் கேட்டார். “என்ரை மூத்தவன் கனடாவிலை. தங்கச்சி கொம்பியூட்டர்தான் படிக்கவேணும் எண்டு நிக்கிறான். உந்தக் கணக்கைப் படிச்சால் வேலை கிடைக்குமோ சேர்?”

“கிடைக்கும் எண்டு அடிச்சுச் சொல்லமாட்டன் ஐயா” என்றார் சேர். “பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கலாம். வங்கியிலை எடுக்கினம். வெளியிலை போய் மேலை படிச்சவையும் இருக்கினம். கொஞ்சக்காலம் ஒண்டும் கிடைக்காமல் நிண்டவையும் இருக்கினம்.”

ஐயோ சேர், இன்றைக்காவது ஒரு பொய் சொல்லக்கூடாதா! நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தகப்பன் சேரின் முகத்தைப் பார்த்தார்.

“அண்டைக்கு இவள் வீட்டை வந்து கதைச்ச கதை இன்னும் முடியேல்லை. சேர் எல்லாருக்கும் முன்னாலை தன்ரை பிழை எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சவராம். நான் நம்பேல்லை. பிழை விட்டதை ஒத்துக்கொள்ளாதவனோடை நான் கடலுக்குப் போறேல்லை. அதுதான், ஆளைப் பாத்திட்டுச் சொல்லுவம் எண்டு வந்தனான்.” மகளின் பக்கம் திரும்பினார். “உன்ரை விருப்பம் பிள்ளை. பதி.”

அவள் பதிந்தாள். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார், துடைத்து முடிக்கவே இல்லை. பின்னேரம் இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அடுத்தநாள் பீடாதிபதி போன் எடுத்து, அடுத்த கணித நாளுக்குத் தன்னையும் ஒரு குழுவில் சேர்க்கச் சொன்னாராம்.

அந்தப் பிள்ளை இப்போது வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். வருடத்துக்கு ஒருவரையாவது எங்களிடம் அனுப்பிவைக்கிறாள். இப்போது துறைக்குத் தலைவி நான். தோரணமும் நான்தான் கட்டுகிறேன். கற்கை நடக்கிறது, கூட்டம் என்று சொல்லமுடியாது, ஆனால் நடக்கிறது.

போன கிழமை முதலாம் வருட வகுப்பில் நான் ஒரு நீளமான நிறுவலை எழுதிக்கொண்டிருந்தேன். நடுவரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, “மிஸ், மூண்டாவது வரி பிழை” என்றாள். நான் படித்த காலத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் வகுப்புக்கு வெளியேதான் நின்றிருப்போம். திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, சந்தோசம். திருத்துவதற்கிடையில் மணி அடித்துவிட்டது. அறைக்கு வெளியே வந்து, மனம் பொறுக்காமல் சேருக்குப் போன் எடுத்தேன்.

“ஆர் பிள்ளை அவள்? கணிதம் எடுக்கிறாளோ?” அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“இன்னும் யோசிக்கிறாளாம் சேர்.”

“அப்ப நீர் திருத்திப்போடாதையும்” என்றார் அவசரமாக. “அந்த வரியை அப்பிடியே விடும். நாளைக்கு அவளே வந்து திருத்தட்டும்.”

திரும்பி வகுப்பறைக்கு ஓடினேன். கரும்பலகையை அழிக்கிற துணி ஒருவனின் கையில் இருந்தது. மூன்றாவது வரிக்கு அவன் இன்னும் வரவில்லை.