ஏப்ரனில் துடைத்த கை

ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்பது வருஷமாக நர்ஸ் வேலை பார்த்தவள் பவுனம்மாள். தீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தச் சாதிப் பெண் எந்தக் கட்டிலில் கிடந்தாலும் அதே கை, அதே ஏப்ரன். அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

அந்த ஐப்பசியில் பிள்ளை பெற்றவர்களுக்கு வரிசையாக ஜன்னி கண்டது. ஐந்து பேரில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். குப்பத்து மருத்துவச்சி கன்னியம்மா முதலில் கைவைத்துக் கெடுத்துவிட்டுத்தான் இங்கே அனுப்புகிறாள் என்றாள் தலைமை நர்ஸ் ஞானம். பவுனம்மாளுக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் கண்ணால் பார்க்காமல் எப்படிச் சொல்வது? யாரும் போகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவில் தானாகவே குப்பத்துக்கு நடந்தாள்.

"அம்மை குத்துறவ வந்துகீறாடி! புள்ளைங்கள உள்ள இஸ்துக்கோ!"

நர்ஸைக் கண்டு எவளோ கத்த, படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன. கன்னியம்மா மட்டும் வாசலில் வழிமறித்து நின்றாள்.

"இன்னா நர்ஸம்மா, என்னப் புடிச்சிக் குடுக்க வந்துகீறியா?"

"நீ வேலை செய்யறதப் பாக்க வந்தேன்."

"பாத்துட்டு எவன்கிட்ட சொல்லப் போற?"

"எவன்கிட்டயும் இல்ல. எனக்கே தெரிஞ்சாகணும்."

"தெரிஞ்சிக்கினு? ஆஸ்பத்திரிய வுட்டுட்டு என் பொயப்புல மண்ணு போட வரப்போறியா?"

பவுனம்மாள் அன்றைக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கடுத்ததும் போனாள். வீடு வீடாக விசாரித்ததில், கன்னியம்மா அந்த மாதம் குப்பத்திலேயே பார்த்த பதினொரு பிரசவத்தில் ஒருத்திக்கும் ஜன்னி இல்லை. பொய் சொல்கிறார்களோ என்று திரும்பவும் போய்க் கேட்டாள். அதே பதில்தான்.

நாலாவது ஞாயிறு அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு பெண்களுக்கு வலி கண்டது. முதல் பிரசவம் முடிந்ததும் கன்னியம்மா நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

"அங்க ஒருத்தி கத்தறா, நீ குளிச்சிக்கிட்டு நிக்கிறியே!"

"தீட்டுச் சீலையோட இன்னொரு வூட்டுல கால வெச்சா எல்லையம்மா சாமி சும்மா வுடுவாளா? உங்க ஆஸ்பத்திரில எப்படியோ!"

ஆஸ்பத்திரியில் எப்படி? ஒவ்வொரு கட்டிலுக்கும் கிருமி கொல்லும் லோஷனில் கை கழுவுவார்கள், சரிதான். கழுவின கையைத் துடைப்பது எதில்? காலையில் கட்டின ஏப்ரனில். முந்தின கட்டிலின் அழுக்கு படிந்த அதே துணியில்.

மறுநாள் ஏப்ரன் கட்டாமல், கட்டிலுக்கு ஒரு சுத்தத் துணி கேட்டு நின்றாள். ஞானம் மேலும் கீழும் பார்த்தாள்.

"குப்பத்துல போய்த் திருட்டுத்தனமா பிரசவம் பாக்கறியாமே. இப்போ தீட்டு வேற பாக்கறியா? யாரத் தொட்டா உனக்கு அழுக்கு ஒட்டிக்கும்? சொல்லு!"

"என் கைதாம்மா அழுக்கு."

"இந்தச் சாமர்த்தியமெல்லாம் என்கிட்ட வேணாம். ஏப்ரனக் கட்டு, இல்லேன்னா வார்டை விட்டுப் போ."

அவள் கட்டவில்லை. அன்றைக்கே அவளைப் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறைக்குத் தள்ளினார்கள். ஒன்பது வருஷத்து வார்டு ஒரு வார்த்தையில் போயிற்று.

பத்து நாள் கழித்து பவுனம்மாள் வார்டுப் பக்கம் போனபோது, ஞானம் லோஷனில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கை பழக்கத்தில் ஏப்ரனுக்குப் போய், பாதியில் நின்றது. யாராவது பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக் காற்றிலேயே உலரவிட்டாள்.

பவுனம்மாள் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். தான் பார்த்துவிட்டது தெரிந்தால், வீம்புக்கென்றே அந்த மனுஷி மறுபடியும் ஏப்ரனில் துடைத்தாலும் துடைப்பாள்.