நான் தலைகீழாக வெட்டிய தகடு

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பூச்சுப் பட்டறையில் பரிசோதனைக்கூடம் என் பொறுப்பு. டர்பைன் பாகங்கள் சூட்டில் வீணாகாமலிருக்க, அவற்றின் மேல் பீங்கான் பொடியை உருக்கித் தெளிப்போம். அந்தப் பூச்சில் விரிசலே இருக்கக்கூடாது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இருக்க வேண்டும். சூட்டில் உலோகம் விரிகிற அளவுக்குப் பீங்கான் விரியாது. மேலிருந்து கீழாக நிற்கிற விரிசல்கள் இருந்தால் பூச்சு கொஞ்சம் விலகிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்ளும். குறுக்கே படுத்த விரிசல்தான் ஆபத்து. அவை ஒன்றோடொன்று சேர்ந்தால் பூச்சு அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்துவிடும்.

எங்களிடம் ஸ்ப்ரே கன் பிடித்தவர் ஆம்பூர்க்காரர். அதற்கு முன் தோல் தொழிற்சாலையில் தோலுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தவர். பத்தாவது வரை படிப்பு. என்னைவிட வயதில் மூத்தவர் என்றாலும் என்னை மேடம் என்பார். நான் அவரை அண்ணா என்பேன்.

ஒருநாள் மதியம் வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. அண்ணா தெளித்த சாம்பிள் தகட்டை வெட்டி, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் காட்ட வேண்டும். முறைப்படி முதல்நாளே பிசினில் ஊறவைத்து இறுகவிட வேண்டும். வெட்டும் இயந்திரத்தின் சக்கரம் பூச்சுப் பக்கமாக நுழைய வேண்டும். அப்போதுதான் அது பூச்சை உலோகத்தோடு சேர்த்து அழுத்தும்; மறுபக்கமாக நுழைந்தால் பூச்சை இழுத்துப் பிளந்துவிடும். எனக்கு நேரமில்லை. பிசினும் இல்லை, ஒன்றும் இல்லை. இயந்திரத்தின் பிடிப்பில் தகடு எப்படி வசதியாக உட்கார்ந்ததோ அப்படியே, உலோகப் பக்கமாக வெட்டிவிட்டேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நெடுகப் படுத்த விரிசல்கள்.

“மேடம், என் கை இப்டி அடிக்காது. இன்னொரு தபா வெட்டிப் பாருங்களேன்” என்றார் அவர்.

“மைக்ராஸ்கோப் பொய் சொல்லுமாண்ணா?” என்று எரிந்து விழுந்தேன்.

தெளிப்பில் கோளாறு என்று அறிக்கை எழுதினேன். மேனேஜர் அவரிடமிருந்து கன்னை வாங்கிக்கொண்டு, மணல் அடித்துத் துரு எடுக்கும் பகுதிக்கு மாற்றினார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு மாதம் அங்கே நின்றார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

புதிதாக வந்தவர் டிப்ளமோ படித்தவர். அவருடைய தகடு ஒன்றையும் ஓர் அவசரத்தில் அதேபோல் வெட்டினேன். அதே படுத்த விரிசல்கள். இந்த முறை, நான் ஏதாவது தப்பாக வெட்டிவிட்டேனோ என்றுதான் முதலில் தோன்றியது. பழையவர் விஷயத்தில் அந்த எண்ணம் எனக்கு ஏன் வரவில்லை? தோலுக்குச் சாயம் அடித்த கை, பத்தாவது படிப்பு. வேறு காரணம் எதுவும் இல்லை. வெட்கமாக இருந்தது.

பழையவருடைய தகட்டின் மீதிப் பாதி என் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. அதைப் பிசினில் ஊறவைத்து, மறுநாள் பூச்சுப் பக்கமாக வெட்டினேன். படுத்த விரிசல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வரிசையாக, நேராக நின்றன. இதற்கு மேல் நல்ல பூச்சை நான் பார்த்ததில்லை.

மேனேஜரிடம் உடனே போகவில்லை. முதலில் அண்ணாவிடம் சொல்வதுதான் மரியாதை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். பழைய தோல் தொழிற்சாலையிலேயே மறுபடி சேர்ந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்தார். விரல்களெல்லாம் பழுப்புச் சாயம். செல்போனில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“நேரா நிக்குதே!” முகம் மலர்ந்துவிட்டது.

“தப்பு என்னுதுதாண்ணா. தலைகீழா வெட்டிட்டேன். மன்னிச்சிடுங்க.”

“மேனேஜர் இன்னா சொன்னாரு?”

“அவருகிட்ட இன்னும் காட்டல.”

செல்போன் திரையில் ஒட்டியிருந்த சாயத்தைச் சட்டையில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

“எனக்கு எதுக்கு மேடம் காட்றீங்க? என் கை எப்டி அடிக்கும்னு எனக்குத் தெரியும். அவருக்குக் காட்டுங்க.”

சங்கு ஊதியது, உள்ளே போய்விட்டார். மேனேஜரிடம் காட்ட எனக்கு இன்னும் நான்கு நாள் பிடித்தது.