மூன்று பேராய் நிற்கக் கூடாத படம்

போன வருஷம் என் போன் வடிகாலில் விழுந்தது. நான் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன், பாடாங் மேஹா பக்கம். சக்கரத்தில் சிக்கிய மட்டையை இழுக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவிவிட்டது. தவளை குதித்த மாதிரி ஒரே சத்தம், அவ்வளவுதான். எடுத்துத் துடைத்து, அரிசிக்குள் மூன்று நாள் புதைத்து வைத்தோம். நாலாம் நாள் அந்த அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட்டோம். போனுக்கு உயிர் வரவில்லை.

போன் போனதில் எனக்கு வருத்தமில்லை. அதற்குள் இருந்த படங்கள்தான். என் இரண்டு மகள்களும் பள்ளிக்கூடச் சீருடையில் நிற்பது, கோயில் திருவிழாவில் ஐஸ்கிரீம் வழிய நிற்பது, எல்லாம் அதில்தான் இருந்தன. வேறு எங்கேயும் பத்திரப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மூத்தவளுக்குச் சரவாக்கில் படிக்க இடம் கிடைத்தது. விமானத்தில் போக வேண்டிய தூரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். என் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள், அவள் போவதற்குள் நாங்கள் நாலு பேரும் தலையிலிருந்து கால் வரை தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும், சட்டம் போட்டு முன்னறையில் மாட்ட வேண்டும் என்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இதுதான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அபூர்வம். அதனால் அது என் மனசில் நன்றாக உட்கார்ந்துவிட்டது.

செல்ஃபி எடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். மூத்தவளும் அதைத்தான் சொன்னாள். ஆனால் செல்ஃபியில் யார் கை நீட்டுகிறார்களோ அவர்கள் முகம் பூசணிக்காய் மாதிரி பெரிதாகிவிடுகிறது, மற்றவர்களுக்குப் பாதித் தலைதான். என் மனைவி கட்டும் சேலை அதில் எங்கே தெரியும்? அதுவுமில்லாமல், மூத்தவள் போன் அவளோடு சரவாக் போய்விடும். இனிமேல் படத்துக்கென்று ஒரு கருவி, அது பேசவும் வேண்டாம் பாடவும் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து சுங்கைப் பட்டாணிக்குப் போனேன். பழைய போன்களும் கைக்கடிகாரங்களும் விற்கிற ஒரு சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கடைசி வரிசையில் நாலைந்து கேமராக்கள் இருந்தன. கடையில் நின்ற பெண் தமிழ்ப் பெண்தான். இருப்பதிலேயே விலை குறைந்தது எது என்று கேட்டேன். சோப்புக் கட்டி அளவில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு ரோல் எங்கே போடுவது என்று கேட்டேன். அவள் சிரிப்பை உதட்டிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ரோல் இல்ல. இதுதான் ரோல்" என்று நகத்தளவு கறுப்புத் தகடு ஒன்றைக் காட்டினாள். "இதுல ஆயிரக்கணக்குல புடிக்கலாம்."

இவ்வளவு சின்னதிலா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஆயிரம் படம் எப்படி அதற்குள் படுத்துக்கொள்ளும் என்று நானும் வீடு வரும் வரை யோசித்தேன். இன்றைக்கும் அது எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மூன்று பேரையும் வாசலில் நிற்க வைத்தேன். ஓரத்தில் மனைவி, பக்கத்தில் மூத்தவள், அப்புறம் சின்னவள். திரையில் மூன்று பேரும் தெரிந்தார்கள். முகத்தைச் சுற்றித் தானாகவே சின்னச் சதுரங்கள் வந்து நின்றன. யார் சொல்லி இதற்கு முகம் எது, கதவு எது என்று தெரிகிறது? அந்த ஆச்சரியத்தில் நான் பொத்தானை அழுத்த மறந்து நின்றேன். அதற்குள் என் மனைவி சட்டென்று விலகி உள்ளே போய்விட்டாள்.

போய்க் கேட்டேன். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள்.

மூன்று பேராக நின்று படம் பிடித்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது என்று தோட்டத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மனைவிக்கு அது அப்படியில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஒரு தீபாவளிக்கு அவளும் அவளுடைய இரண்டு அக்காக்களும் டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டார்களாம். அடுத்த தீபாவளிக்குள் நடு அக்கா இல்லை.

"காய்ச்சல்லதான் போனாங்கன்னு எனக்கும் தெரியும்" என்றாள். "ஆனா நடுவுல நின்னது அவங்கதானே. இப்ப நம்ம பெரியவ நிக்கிறா. அதுவும் கடல் தாண்டிப் போறவ."

எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவள் அந்தப் பயத்தோடு மகளை விமானம் ஏற்றக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. நாலு பேராக நின்றால் நடு என்று ஒருவர் இல்லை. நாலாவது ஆள் நான்தான். நானோ கேமராவுக்குப் பின்னால் நிற்கிறேன். இதுதான் என் கணக்கு, விடை தெரியாத கணக்கு.

அன்று முதல் வேலை விட்டு வந்ததும் கேமராவும் கையுமாகத்தான் இருந்தேன். பெட்டியில் இருந்த புத்தகத்தில் சீனமும் ஆங்கிலமும் இருந்தன. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், அப்புறம் மூன்றாம் படிவம் வரை. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் படங்களைப் பார்த்தே ஒவ்வொன்றாக அழுத்தினேன். பூ மாதிரி ஒரு குறி இருந்தது. பூவைப் பிடிப்பதற்கு என்று நினைத்துச் செம்பருத்தியைத் தேடிப் போனேன். பிறகுதான் தெரிந்தது, கிட்டத்தில் இருக்கிற எதையும் அது தெளிவாகப் பிடிக்கும். செம்பனைப் பழத்தில் ஊர்ந்த ஓர் எறும்பைப் பிடித்தேன். அதன் மீசை கூடத் தெரிந்தது. இருபது வருஷமாக இந்த எறும்பு என் கழுத்தைக் கடிக்கிறது, அதன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடிகாரம் மாதிரி இன்னொரு குறி. மணி சரிபண்ணுவதற்கு என்று நினைத்து அதை விட்டுவைத்திருந்தேன். புதன்கிழமை கை பட்டு அது மாறிவிட்டது போலிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படம் விழவில்லை. முன்பக்கம் சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. பேட்டரி போய்விட்டதோ என்று கேமராவைத் திருப்பி, அந்த விளக்குக்கு நேராக மூக்கை வைத்துப் பார்த்தேன். விளக்கு வேகவேகமாகச் சிமிட்டி, பளிச்சென்று அடித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. திரையில் பார்த்தால் என் மூக்குத் துவாரம் இரண்டும் குகை மாதிரி.

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அழுத்தியவன் ஒரு பக்கம் இருந்தேன், படம் விழும்போது இன்னொரு பக்கம் இருந்தேன். விடை அங்கேதான் இருந்தது.

மறுபடியும் அழுத்தி, வாய்விட்டு எண்ணினேன். பத்து எண்ணும்போது அடித்தது. பத்து எண்ணுவதற்குள் நான் போய் நின்றுவிட வேண்டும். துணி துவைக்கிற கல்லின் மேல் பச்சைப் பயறு போட்ட சின்னப் பை ஒன்றை வைத்து, அதன்மேல் கேமராவை உட்கார வைத்தேன். எதிரே வாளி, துடைப்பம், காலி கேஸ் தோம்பு மூன்றையும் வரிசையாக நிறுத்தினேன். அழுத்திவிட்டு ஓடிப்போய்த் தோம்புக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் படத்தில் என் முதுகு. இரண்டாவதில் பாதி நான். ஐந்தாவதில் முழுசாக வந்துவிட்டேன்.

சமையலறை ஜன்னலிலிருந்து என் மனைவி கேட்டாள், "வாளிக்குப் பொட்டு வச்சி விடவா?"

இரண்டு நாளில் அவள் பேசிய முதல் கேலி அது. எனக்குப் போன உயிர் வந்தது.

சனிக்கிழமை காடியை, அதாவது எங்கள் காரை, எடுத்துக்கொண்டு யான் என்ற ஊருக்குப் போனோம். அங்கே வயல் பச்சையாக இருந்தது, பின்னால் ஜெராய் மலை. படத்துக்கு நல்ல இடம் என்று மூத்தவள்தான் சொன்னாள். மனைவி மாம்பழ நிறப் பட்டுச் சேலை. காடியின் முன்மூடியில் பயற்றுப் பையை வைத்துக் கேமராவைச் சரியாகப் பொருத்தினேன். அவர்கள் மூன்று பேரும் வாய்க்காலைத் தாண்டி வரப்பில் போய் நின்றார்கள், மனைவி, மூத்தவள், சின்னவள். சின்னவளுக்கு அடுத்த இடம் எனக்கு. அதுதான் எனக்குக் கிட்டம்.

அழுத்தினேன். ஓடினேன்.

வாய்க்காலைத் தாண்டும் வரை எல்லாம் சரி. நான் மூன்று நாள் ஓடிப் பழகியதெல்லாம் சிமெந்துத் தரையில். முந்தின நாள் பெய்த மழையில் வரப்பு வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று கால் வைத்த பிறகுதான் தெரிந்தது. ஏழு எண்ணும்போது சறுக்கியது. எட்டில் வயலுக்குள் விழுந்தேன். ஒன்பதில் ஒரு செருப்பு எங்கேயோ பறந்தது. பத்தில் பளிச்.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நான் எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் ஆனது. சட்டையெல்லாம் சேறு. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படத்தைப் பார்த்தேன். நல்ல படம். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை, மூன்று பேரும் ஒரே பக்கம் திரும்பிச் சிரிக்கிறார்கள். மனைவி வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. அவள் அப்படிச் சிரித்து ஒரு படம் இருந்ததே இல்லை.

என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மனைவியின் சிரிப்பு நின்றது. மூன்று பேர். நடுவில் மூத்தவள்.

"அழிச்சிடுங்க" என்றாள்.

எப்படி அழிப்பது என்று நான் இன்னும் படித்திருக்கவில்லை. குப்பைக்கூடை மாதிரி ஒரு குறி இருப்பது ஞாபகம் வந்தது. சேற்று விரலால் தேடினேன். அதற்குள் மூத்தவள் கேமராவை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"அம்மா, இங்க பாருங்க. அப்பா இருக்காரு."

படத்தின் ஓரத்தில், நெற்பயிருக்கு மேலே, ஒரு கால். முட்டிக்குக் கீழே மட்டும். செருப்பு இல்லாத பாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவி கேமராவைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள். செருப்பில்லாத கால் எது என்று பார்த்திருப்பாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"இது உங்க காலுதானா?"

"வேற யாரு காலு இங்க வந்து நிக்கும்?" என்றேன்.

"காலு கணக்குல சேருமா?"

"உயிரோட இருக்கிற காலும்மா, சேரும்" என்றாள் மூத்தவள். "நாலு பேருதான்லா."

மனைவி அப்புறம் அழிக்கச் சொல்லவில்லை. செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, "இந்தத் தடவை மெதுவா வாங்க" என்றாள். அடுத்த படத்தில் நான் சேற்றுச் சட்டையோடு ஓரத்தில் போய் நின்றுவிட்டேன். நாலு பேரும் அடையாள அட்டைக்கு நிற்பது மாதிரி விறைப்பாக நிற்கிறோம். தலையிலிருந்து கால் வரை தெரிகிறது. அவள் கேட்டது அதுதான்.

திரும்பும் வழியில் மூத்தவள் சொன்னாள், அந்தக் கடிகாரம் போனிலும் இருக்கிறதாம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள்.

ஞாயிறு காலை விமான நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு கடையில் இரண்டையும் அச்சுப் போட்டோம். எதை எடுத்துப் போகிறாய் என்று கேட்டதற்கு, மூத்தவள் கால் படத்தில் இன்னொரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டாள். விறைப்பாக நிற்கிற படம் இப்போது அலமாரிக்குள் இருக்கிறது. முன்னறையில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது கால் படம்தான். ஆணியை எங்கே அடிப்பது என்று கை காட்டியது என் மனைவி.

மூத்தவள் போன் பண்ணும்போதெல்லாம் என் மனைவி அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசுகிறாள். பேச்சு முடிந்ததும் விரலால் தொட்டு எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். தன்னை, நடுவில் மூத்தவளை, சின்னவளை. கடைசியாக விரல் சட்டத்தின் ஓரத்துக்கு வந்து, அந்தப் பாதத்தின் மேல் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் விலகுகிறது.