பாஸ்வேர்டு கேட்காத சர்வர்

ஏழு வருஷம் பார்த்த வேலை போனது, நான் ஒரு சர்வரைச் சரி செய்ததால். கெடுத்ததால் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் நான் ஏதோ செய்திருப்பேன் என்ற முகத்தோடுதான் கேட்கிறார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு முதலாளியின் டிசைன் கூடம். சேலையின் கரை, முந்தி, உடலில் வரும் புட்டா எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரையப்படும். பிறகு துளை போட்ட அட்டையாகத் தறிக்குப் போகும். ஆறு பேர் வரைவார்கள். ஆறு பேரின் வேலையும் ஒரே ஒரு பழைய யூனிக்ஸ் சர்வரில் போய்ச் சேரும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தினமும் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருவேன்.

முதலாளிக்கு ஒரே பயம், டிசைன் திருட்டு. இந்த ஊரில் எல்லா முதலாளிக்கும் அதுதான். ஆடியில் இவர் போட்ட கரை ஐப்பசியில் எவனுடைய விசைத்தறியிலாவது ஓடிக்கொண்டிருக்கும். பயத்தில் தவறில்லை. அதற்காக அவர் செய்ததெல்லாம் முட்டாள்தனம். பென் டிரைவ் செருகும் ஓட்டைகளைப் பசை வைத்து அடைத்தார். இன்னொரு டிஸ்க் வாங்கிக் கொடுங்கள், தினமும் ஒரு நகல் எடுத்து வைக்கிறேன் என்று வருஷா வருஷம் கேட்டேன்.

"ஒண்ணு இருந்தா ஒண்ணைக் காவல் காக்கலாம். ரெண்டு இருந்தா யாரும்மா காக்கறது?" என்பார்.

சர்வரின் முழு அதிகாரத்தையும் தரும் ரூட் பாஸ்வேர்டு அவர் சட்டைப்பையில் ஒரு சீட்டில் இருந்தது. எனக்குத் தரமாட்டார். தேவைப்பட்டால் அவரே வந்து, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். ஏழு வருஷம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சுண்ணாம்பு எங்கே உரிந்திருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

ஆயுத பூஜை அன்று தறியை நிறுத்திவிடுவார்கள். சர்வருக்கும் அன்று ஓய்வு. முறையாகக் கட்டளை கொடுத்து நான் அதை நிறுத்துவேன், பிறகு சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அந்த வருஷம் நல்ல நேரம் முன்னாலேயே வருகிறது என்று பூஜையைக் காலைக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். சர்வரின் நெற்றியில் பொட்டு இருந்தது. சத்தம் இல்லை.

"யார் நிறுத்தினது?" என்று கேட்டேன்.

கூடத்தை மேற்பார்க்கும் முதலாளியின் மச்சான் பொரியைத் தின்றுகொண்டே சொன்னார்: "நான்தாம்மா. சாமிக்கு முன்னாடி உர்ருன்னு கத்திக்கினே இருந்துச்சு. பிளக்கை உருவிட்டேன்."

அப்போது வரைகிறவர்கள் கடைசி வேலையைச் சேமித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சேமிக்கும்போது பிளக்கை உருவினால் என்ன ஆகும் என்று அவரிடம் சொன்னேன். "எங்க வீட்டு டிவியை அப்படித்தான் நிறுத்தறோம்" என்றார். உடனே போட்டுப் பார்க்கிறேன் என்றேன். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் தொடவேண்டும் என்றார்கள். என் கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் விஜயதசமி. முதலாளி குடும்பத்தோடு திருப்புட்குழி பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தார். காலையில் சர்வரைப் போட்டேன். பாதியில் நின்றது. டிஸ்க் குழம்பிக் கிடக்கிறது, கையால் சரிபார் என்று திரையில் வந்தது. முதலாளிக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

அங்கே மூத்த டிசைனர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். அவருடைய இரண்டு வருஷ வேலை அந்த டிஸ்க்கில்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை. அவர் திரையைப் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"போச்சாம்மா?"

"உட்காருங்கண்ணா, பார்க்கலாம்" என்றேன்.

இதற்கு இருக்கும் வழி, சர்வரை சிங்கிள் யூசர் மோடில் ஏற்றுவது. அந்த நிலையில் நெட்வொர்க் இருக்காது, வேறு யாரும் உள்ளே வர முடியாது. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஆள் மட்டும். அந்த ஆளிடம் அந்தச் சர்வர் பாஸ்வேர்டு கேட்காது. முழு அதிகாரத்தையும் கையில் கொடுத்துவிடும். தனக்கு முன்னால் வந்து உட்கார முடிந்தவர் வீட்டுக்காரராகத்தான் இருப்பார் என்று அதற்கு நினைப்பு. தொடக்கத்தில் வரும் பட்டியலில் ஒரு எண்ணைத் தட்டினேன், உள்ளே போய்விட்டேன். இது ஏழு வருஷமாக எனக்குத் தெரியும். ஒரு நாளும் செய்ததில்லை.

டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டினேன். அது கேட்கும் எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்கவிட்டேன்.

"இன்னா கேக்குது?" என்றார் டிசைனர்.

"பேர் தொலைஞ்ச ஃபைல் ஒண்ணு கீதாம். வச்சுக்கவா, தூக்கிப் போடவான்னு கேக்குது."

கடைசியாகச் சேமித்த நாளையும் நேரத்தையும் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"அன்னிக்கு என் பொண்ணுக்கு வளைகாப்பு. பந்தி முடிஞ்சதும் ஓடியாந்து யாளி முந்தியை முடிச்சேன். அது வேணும்மா."

வைத்தேன். அடுத்தது வந்தது. அதற்கும் நாளைச் சொன்னேன்.

"அது மொதலாளி மச்சான் வரைஞ்ச அன்னம். வாத்தாட்டம் இருக்கும். போட்டுடு."

"அதையும் வைக்கிறேண்ணா. இல்லேன்னா அந்த வாத்துக்கும் என்னைத்தான் கேப்பாங்க."

அவர் சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார். இப்படியே மூன்று மணி நேரம் போனது. நானும் சர்வரும் பேசிக்கொண்டோம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் நாட்களை நினைவுபடுத்திக்கொண்டிருந்தார். பெயர் இழந்த கோப்புகள் எல்லாம் ஒரு தனி இடத்தில் எண்களோடு வந்து சேர்ந்தன. கடைசியில் இரண்டைத் தவிர எல்லாம் கிடைத்தது. சாதாரண நிலையில் மறுபடி ஏற்றினேன். ஆறு திரைகளும் உயிர் பெற்றன.

முதலாளி துளசி வாசத்தோடு வந்தார். டிசைனர் நடந்ததைச் சந்தோஷமாகச் சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டே வந்தவர், நின்றார். கை சட்டைப்பைக்குப் போனது.

"சீட்டு என்கிட்டதான கீது. நீ எப்படிம்மா உள்ள போன?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்று மட்டும் அது தானாகத் திறந்துகொண்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நான் உள்ளதைச் சொன்னேன். சிங்கிள் யூசர் மோடில் அது கேட்காது என்றேன்.

"அப்போ எப்ப வேணும்னாலும் போலாம்?"

"முன்னாடி உட்கார்ந்தா யார் வேணும்னாலும் போலாம் சார். அதைப் பாஸ்வேர்டு கேக்க வைக்கவும் ஒரு வழி…"

"யார் வேணும்னாலும் இல்லம்மா. உனக்குத்தான தெரியும்."

பிளக்கை உருவிய மச்சான் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரமே என் பையைச் சோதித்தார்கள். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார்கள், புளிசோறு இருந்தது. மாசக் கடைசியில் இனிமேல் வரவேண்டாம் என்றார்கள். திருடினாய் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அந்த டிசைனரைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

"உன் எடத்துல இன்னும் யாரும் வரலம்மா. பாஸ்வேர்டை மாத்திட்டாரு. இருபது எழுத்தாம். சீட்டு இப்போ பீரோவுல. இனிமே யாராலயும் போக முடியாதில்ல?"

"போலாம்ணா. நிறுத்திட்டு மறுபடி போட்டா அது இப்பவும் கேக்காது. ஒரு ஃபைல்ல ஒரே ஒரு வார்த்தையை மாத்தணும். மாத்தினா கேக்கும். அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அடப்பாவமே. நான் போய் மொதலாளிகிட்ட சொல்லட்டா?"

"சொல்லுங்க. உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரு."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். சாலைப் பக்கம் கையைக் காட்டினார்.

"உன் பஸ் வந்துடுச்சும்மா" என்றார்.

வாலாஜாபாத் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. நான் எழுந்து போய், என்னோடு அவரை யாரும் பார்த்துவிடாதபடி வேறு பக்கம் நின்றுகொண்டேன்.