மேனேஜரின் வயிறும் என் மாப்பிள்ளையும்

ஓடிப்போய்விட்டாராம்! கீழ்வீட்டுக்காரியின் வாய்க்கு ஒரு கதவு போட்டால் தேவலை. பெண்டாட்டியை விட்டு ஓடிப்போன மனுஷன் பொழுது சாய்ந்ததும் வந்து, கைகால் கழுவி, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவாரா? இதைச் சொன்னால், "அது வேற, இது வேற பெரியம்மா" என்கிறாள். என்னடி வேறு? என் மாப்பிள்ளையைப் பற்றி நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் வம்பு பேசு.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. இருப்பது எங்களோடுதான். ஒரே பெண்ணை அனுப்பிவிட்டு இரண்டு கிழங்களும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதா என்று நான்தான் அடம்பிடித்து வைத்துக்கொண்டேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டு மாப்பிள்ளைகளை எனக்குத் தெரியாதா? இவர் அதிர்ந்து பேசமாட்டார். மின்விசிறி நின்றுபோனால்கூட அடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் தொடுவார்.

ஒரு நாள் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் கத்திக்கொண்டு கிடந்தது என்று சட்டைக்குள் ஒரு பூனைக்குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தார். அது வளர்ந்து, சோபாவின் நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் வேலை வாங்கியதால் மேனேஜர் என்று பேர் வைத்தோம்.

மேனேஜருக்கு எல்லாம் சரியாக இருந்தது, வயிற்றைத் தவிர. ஒரு நாள் தண்ணியாய்ப் போகும். மறுநாள் முக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு மறுநாள் பழையபடி தண்ணி. அது போவதற்கென்று மாப்பிள்ளை மணல் தொட்டி ஒன்று வைத்திருந்தார். விடிந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் அங்கே போய்க் குந்திக்கொண்டு, கை ரேகை பார்ப்பவர் மாதிரி உற்றுப் பார்ப்பார்.

"இன்னைக்கு என்ன மாப்பிள்ளை?"

"கஞ்சி, அத்தை."

அதற்கு மேல் யாருக்குச் சாப்பாடு இறங்கும்?

வீட்டில் மற்றவர்களாவது சும்மா இருந்தார்களா? என் வீட்டுக்காரருக்கு மானம் பெரிசு. வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தொட்டியைத் தூக்கி வாஷிங் மிஷினுக்குப் பின்னால் ஒளித்தார். மிஷின் பேய் பிடித்த மாதிரி ஆடுகிற இடத்தில் பூனை நிம்மதியாக உட்காருமா? நேராக வந்து இவர் செருப்பில் போயிற்று. மகள், நாற்றம் போகட்டும் என்று வாசனைப் பினாயிலை ஊற்றித் தொட்டியைக் கழுவினாள். மேனேஜர் மோந்து பார்த்து, தும்மிவிட்டு, கால்மிதிக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வெந்நீரில் தொட்டியை அலசி, பழைய மூலையில் வைப்பார். அவர் வேலைக்குப் போனதும் என் வீட்டுக்காரர் திரும்பவும் ஒளிப்பார்.

மாப்பிள்ளை அதை மிருக டாக்டரிடம் காட்டினார். குடலில் பூச்சி ஒன்றும் இல்லையாம். கடைத் தீனி ஒன்றை மட்டும் போடுங்கள், வேறு எதுவும் வாயில் படக் கூடாது, வயிறு தானாக அடங்கும் என்றாராம். வந்து சொன்னார். மூன்று பேரும் தலையை ஆட்டினோம். வயிறு அடங்கவில்லை. பழைய தீனியில் புதுசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றிப் பார்த்தார். மணலை மாற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை. மனுஷன் இளைத்துப்போனார். மேனேஜர் இளைக்கவில்லை.

போன வாரம் அது மகளின் புதுப் படுக்கை விரிப்பில் போய்விட்டது. அவள் ஆடித் தீர்த்தாள்.

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ஞாயித்துக்கிழமை மீன் மார்க்கெட்ல விட்டுட்டு வாங்க!"

"வயிறு சரியாயிட்டா அது தொட்டியை விட்டு எங்கயும் போகாதும்மா. ஏன் சரியாகலைன்னுதான் பிடிபடலை. தீனியத் தவிர யாரும் எதுவும் குடுக்கலையே?"

"நான் எதுக்குக் குடுக்கப்போறேன்? அப்பாதான் டீயில பிஸ்கட்ட நனைச்சு நனைச்சு..."

"ஏய், நீ தினம் பால் ஊத்தலை? எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நினைச்சியா?"

"அது ஒரு மூடிப் பால்ப்பா! முகத்தைப் பாத்துக்கிட்டே அழுவுது. அம்மா மட்டும் என்னவாம்? வறுத்த மீன் தோலை யாரு போடறது?"

போட்டேன். பூனைக்கு மீன் போடாமல் பூசணிக்காயா போடுவார்கள்? இன்றைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

மாப்பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "மாசக்கணக்கா மணலைக் கிளறிக்கிட்டு இருந்தேனே! என்னைப் பாத்தா உங்களுக்குப் பாவமாவே தெரியலையா?"

"இனிமே குடுத்தா ஏன்னு கேளுங்க மாப்பிள்ளை" என்று என் வீட்டுக்காரர் சத்தியம் பண்ணினார். பண்ணி முடிப்பதற்குள் மேனேஜர் வந்து அவர் காலில் உரசியது. அவர் கை தன்பாட்டுக்குச் சட்டைப்பைக்குள் போயிற்று. பிஸ்கட்!

மாப்பிள்ளை எழுந்தார். கூடையில் பூனையை வைத்தார். தொட்டி, மணல் மூட்டை, தீனிப் பை, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். அவர் கம்பெனிக்குப் பின்னால், சாமான் போடுகிற ஓர் அறை காலியாக இருக்கிறது; அங்கே தங்கத்தான் கிளம்பினார்.

"பூனைக்காக என்னை விட்டுட்டுப் போறீங்களா?" என்று மகள் ஓவென்று அழுதாள்.

"உன்னை விட்டுப் போகலை. உங்க மூணு பேர் பாசத்துக்கிட்டயிருந்து இதைக் காப்பாத்தப் போறேன். ரெண்டு வாரம் விடு. அப்பவும் சரியாகலைன்னா நானே மார்க்கெட்ல விட்டுடறேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வீட்டுக்காரி படியேறி வந்தாள். மூட்டையையும் அழுகிற பெண்ணையும் பார்த்தாள். போதாதா அவளுக்கு?

மாப்பிள்ளை போகக் கதவை அகலத் திறந்துவிட்டதே நான்தான். அவர் வாசலைத் தாண்டினதும், மேனேஜரின் தண்ணீர்க் கிண்ணத்தை மறந்துவிட்டார் என்று மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்துக்கொண்டு ஓடினாள். வாங்கி, உள்ளே பால் கீல் இருக்கிறதா என்று சாய்த்துப் பார்த்தார். "இன்னொரு கையைக் காட்டு" என்றார். விரித்துக் காட்டினாள். அப்புறம்தான் படியிறங்கிப் போனார்.